கருங்குரங்குக்குப் பூ கேட்ட மாப்பிள்ளை

துணிப்பையைத் தலைகீழாகப் பிடித்து என் கடைக் கண்ணாடி மேசைமேல் கொட்டினார் என் தங்கை கணவர், மாப்பிள்ளை துரைசாமி. கொட்டியதெல்லாம் பம்பு டப்பாக்கள். வீசிங் இருக்கிறவர்கள் வாயில் வைத்து இழுப்பார்களே, அந்தப் பம்பு. அத்தனையும் என் தங்கைக்காக நான் கொடுத்தனுப்பியவை. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை.

“மச்சான், இதையெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க. இனி நம்மூட்டுக்கு வேண்டீதில்லீங்க” என்றார்.

அவருக்குப் பின்னால், வாசலில், என் தங்கை சாந்தாமணி ஷட்டர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரிலிருந்து இறங்கி நடந்ததற்கே தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. போத்தனூர் ஸ்டேஷன் பக்கம் என்றால் ரயில் சத்தத்துக்குக் கேட்க வேண்டுமா? ஒரு வண்டி தடதடவென்று போய் ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் அவள் நெஞ்சில் விசிலடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. இத்தனை வருஷம் மருந்துக்கடையில் உட்கார்ந்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

போன வாரம் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார், கல்லாவில் உட்கார்ந்து உங்களுக்கு வந்த கோபங்களிலேயே பெரியது எது என்று. இதுதான் ஐயா அது. கொரோனா ஓய்ந்து ஊர் பழையபடி ஆகிக்கொண்டிருந்த சமயம்.

“ஏன் மாப்ளை, டாக்டர் மருந்தை மாத்தீட்டாருங்களா?” என்று கேட்டேன்.

“டாக்டர் என்னத்தைச் சொல்றாருங்க. பம்பு அடிச்சுப் பழகீட்டா ஆயுசுக்கும் உடாதுங்களாமா. நான் வேற ஏற்பாடு பண்ணிப்போட்டேன்.” கடையில் வேறு ஆள் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “கருங்குரங்குங்க. லேகியம். அசல்.”

அசல் என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டும். தாராபுரத்தில் அவருக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது, எண்ணெய் ஆலை இருக்கிறது. கலப்படம் பண்ணாதவர் என்று பெயர். எண்ணெய் அசலாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனுஷனுக்குக் குரங்கும் அசலாக இருக்க வேண்டுமாம்.

கோணிப்பைக்குள் ஒரு முகம்

போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். மலையடிவாரத்தில் யாரோ ஒரு புரோக்கர் அனுப்பியது. கோணிப்பையின் வாயை இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முகம் மட்டும் வெளியே தெரிகிறது. கன்னங்கறுத்த முகம், சுற்றிலும் வெளிறின மயிர். அது யாரையும் பார்க்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நான் நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். அங்கேயும் அதே மூச்சுத்தான்.

“எதனால மாப்ளை, கருங்குரங்கு?”

“மலை மேல, மழைலயும் குளுருலயும் மரத்துலயே கெடக்குதுங்க. எப்பவாச்சும் அது இருமிக் கேட்டிருக்கீங்களா?”

“உங்க தோட்டத்து எருமை நாளெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்குது. அது மூக்கு ஒழுகி நீங்க பாத்திருக்கீங்களா? அதை ஏனுங்க லேகியம் பண்ணலை?”

“எருமை நம்ம ஊட்டுப் பண்டமுங்க, மச்சான்” என்றார், எனக்கு எதுவுமே தெரியவில்லையே என்கிற வருத்தத்தோடு.

இந்த வைத்தியத்தின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. கட்டுத்தறியில் நிற்பதற்கு மகிமை கிடையாது. காட்டில் இருக்க வேண்டும், கண்ணில் படாமல் இருக்க வேண்டும், பிடித்தால் ஜெயில் என்று இருக்க வேண்டும். அப்போதுதான் மருந்து. நாளைக்கே கருங்குரங்கு காக்காய் மாதிரி வீதிக்கு வீதி திரிய ஆரம்பித்தால் ஒரு ஆள் அதைத் தின்னமாட்டான்.

மோதிரம் போட்ட முதலாளி

கொஞ்சம் விலகிப் போகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் கடைக்கு ஒரு ஸ்பின்னிங் மில் முதலாளி வருவார். காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உள்ளே வருவார். மூலம். விரலில் ஒரு கறுத்த மோதிரம். எறும்புத்தின்னி ஓட்டில் செய்ததாம், போட்டுக்கொண்டால் மூலம் கிட்டத்தில் வராதாம். அதைப் போட்டுக்கொண்டே மாதம் தவறாமல் என்னிடம் களிம்பு வாங்கினார்.

“மோதரம் கேக்குதுன்னா களிம்பு எதுக்குங்க?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“களிம்பு ஒரு பாதுகாப்புக்குங்க” என்றார்.

எறும்புத்தின்னியின் ஓடு எதனால் ஆனது தெரியுமா? நம் விரல் நகம் எதனால் ஆனதோ அதனால்தான். அவருக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்தால் தன் நகத்தைத் தானே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். ஒரு பிராணியைக் காட்டிலிருந்து தோண்டி எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டிருக்க வேண்டியதில்லை. அதைச் சொன்னதற்கு அப்புறம் அவர் வேறு கடைக்குப் போய்விட்டார். போகட்டும்.

மயில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்கள் தனி ரகம். முழங்கால் வலிக்காம். காலையில் தக்காளிக் காட்டில் மயில் இறங்கிவிட்டது என்று அதன் ஏழு தலைமுறையையும் திட்டுவார்கள். கிருத்திகைக்குச் சென்னிமலை ஏறி, முருகனுக்குப் பக்கத்தில் நிற்கிற அதே மயிலைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுவார்கள். இறங்கி வந்ததும் முட்டி வலிக்கிறது, அதே மயிலை உருக்கித் தேய்க்கலாமா என்று என்னைக் கேட்பார்கள். ஒரே ஆள், ஒரே வாய்.

எனக்கு விவரம் தெரிகிற வயதில் உக்கடம் பக்கம் நடைபாதையில் உடும்பு எண்ணெய் காய்ச்சி விற்பார்கள். பக்கத்தில் ஒரு உடும்பு உயிரோடு, இடுப்பு ஒடிந்து, கயிற்றில் கிடக்கும். விற்றவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு வயிறு இருந்தது. சுற்றி நின்று, இடுப்பு ஒடிந்த பிராணியின் எண்ணெயைத் தன் இடுப்பு வலிக்கு வாங்கிக்கொண்டு போனார்களே, அவர்களுக்கு என்ன வந்தது?

சரி, கடைக்குத் திரும்புகிறேன்.

வடைமாலை சாத்துகிற கை

“மாப்ளை, கருங்குரங்கைத் தொட்டா ஃபாரஸ்ட்காரங்க தூக்கி உள்ள போட்டுருவாங்க” என்றேன்.

“அதெல்லாம் பாத்துக்கலாமுங்க.”

“பம்பை நிறுத்தினா இவளுக்கு எந்த நேரம் என்ன ஆகும்னு சொல்ல முடியாதுங்க. இது விளையாட்டு இல்லை.”

அதற்கு அவர் சிரித்தார். “நீங்க யாவாரிங்க, மச்சான். பம்பு போனா உங்களுக்கு நட்டமுங்க. அப்படித்தான் பேசுவீங்க.”

தங்கைக்குக் கொடுத்த மருந்துக்கு நான் ஒருநாளும் பில் போட்டதில்லை. அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சனிக்கெழமை சனிக்கெழமை வடைமாலை சாத்தறீங்களே, அந்தச் சாமி யாருங்க? அவரு ஒறவுக்காரனைத்தானே இப்ப லேகியம் கிண்டப் போறீங்க? கையோட அவருக்கும் ஒரு உருண்டை படைச்சுருங்க.”

கிண்டலாகச் சொன்னதுதான். மாப்பிள்ளை முகம் மாறிவிட்டது. அவருடைய தோட்டத்து மூலையில் அவர் அப்பா கட்டிய அனுமார் கோயில் ஒன்று உண்டு. ஃபாரஸ்ட் ஆபீசருக்குப் பயப்படாத மனுஷன் அனுமாருக்குப் பயந்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டே நின்றார்.

அப்போதுதான் வாசலில் நின்ற சாந்தாமணி வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு இழுத்தாள்.

“ஏனுங்க, பூ கேட்டுப்போடலாமுங்க. சாமி உத்தரவு குடுத்தா... நான் எதுவும் சொல்றதில்லீங்க. பொட்டலம்... நானே கட்டறனுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளும் சேர்ந்துகொண்டாளே. டிகிரி வரை படிக்கவைத்த பெண். தன் நெஞ்சுக்கு மருந்து வேண்டுமா, குரங்கு வேண்டுமா என்று சொல்ல இவளுக்கு வாய் இல்லை, அதற்கு ஒரு பூ வேண்டியிருக்கிறது.

“போ கண்ணு, நல்லாக் கேளு” என்று சொல்லிவிட்டு ஒரு பம்பை எடுத்து அவள் கையில் திணித்தேன். மாப்பிள்ளை மரியாதையாக அதை வாங்கி, மரியாதையாக என் மேசைமேல் திருப்பி வைத்தார்.

சிவப்பும் வெள்ளையும்

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பூ கேட்காமல் பெரிய காரியம் எதுவும் நடக்காது. மாப்பிள்ளை வீட்டில் போர் போடவும் பூ, பெண் எடுக்கவும் பூ, எண்ணெய் ஆலைக்கு மிஷின் மாற்றவும் பூ. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வாழைச்சருகில் மடித்து நூல் சுற்றிவிட்டால் வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சாமி காலடியில் வைத்துக் கும்பிட்டு, பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, வாய்க்கால் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவதும் தண்ணீரில் விடுவதும் அந்த வீட்டுப் பெண்ணின் வேலை.

அந்தச் சனிக்கிழமை நானும் போனேன். தங்கையைத் தனியாக விட மனசு வரவில்லை. அமராவதி வாய்க்கால் ஓரம், ஈரக்காற்று. சாந்தாமணி தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு வந்து நின்றாள். வீசிங் இருக்கிறவள் காலங்காத்தாலே தலைக்குக் குளிக்கிறாள், அது தெய்வ காரியம், யாரும் கேட்கக் கூடாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

என் வாழ்க்கையில் நான் சாமிக்கு மனசார நன்றி சொன்னது அன்றைக்குத்தான். தன் இனத்தைத் தின்ன வேண்டாம் என்று சொல்கிற அளவுக்காவது அனுமாருக்கு அறிவு இருந்தது. கேட்டவருக்குத்தான் இல்லை.

மாப்பிள்ளை அங்கேயே நின்று புரோக்கருக்குப் போன் போட்டார். “வேண்டாமுங்க. உத்தரவு வரலீங்க.”

“அந்தக் கொரங்கை உட்டுருவாங்களா?” என்று கேட்டேன்.

“எங்கீங்க உடறது? வேற பார்ட்டி இருக்குதாமா” என்றார்.

கேட்க நாதியில்லாத வௌவால்

அனுமார் வேண்டாம் என்று சொன்னது குரங்கைத்தானே. பம்பை வாங்கிக்கொள் என்று சொல்லவில்லையே. அப்படித்தான் அதை எடுத்துக்கொண்டார் மாப்பிள்ளை. கொஞ்ச நாளில் அவரே போன் பண்ணினார், குரலில் அத்தனை உற்சாகம்.

“மச்சான், இப்ப வௌவால் சூப்பு குடுத்துட்டிருக்கனுங்க.”

வௌவால் என்ற பேரைக் கேட்டு உலகமே மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு திரிந்தது முடிந்து எத்தனை நாள் ஆகிவிட்டது? என் கடையில் மாஸ்க் வாங்கப் பிளாட்பாரம் வரை வரிசையில் நின்ற ஊர் இது. அந்த மாஸ்க் பெட்டிகளே இன்னும் தீரவில்லை, அதற்குள் வௌவால் மருந்தாகிவிட்டது.

“எதனால மாப்ளை, வௌவால்?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

“அது தலகீழாத் தொங்குது பாத்தீங்களா? நெஞ்சுல சளி நிக்க வழியே இல்லீங்க. எல்லாம் மூக்கு வழியாவே எறங்கிப்போயிரும்.”

“அப்ப சாந்தாமணியையும் ஒரு கொம்புல தொங்கப் போட்டுருங்க. வௌவாலாவது பொழைக்கும்.”

“உங்களுக்கு எல்லாமே கேலிதானுங்க.”

“அனுமாருகிட்ட உத்தரவு வாங்கினீங்களா?”

“வௌவாலுக்கும் அவருக்கும் என்னங்க சம்பந்தம்?” என்றார். போனை வைத்துவிட்டார்.

நியாயம்தான். குரங்குக்குப் பரிந்து பேச ஒரு சாமி இருக்கிறார். மயிலுக்கு ஒருவர் இருக்கிறார், அவர் பேச்சைத்தான் யாரும் கேட்பதில்லை. வௌவாலுக்கு யாருமே இல்லை. அதையும் கொல்லக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. தாராபுரத்துத் தோப்புக்குள் சட்டம் எங்கே வரப்போகிறது?

போனில் தங்கையைக் கூப்பிட்டால், “நல்லாத்தான் இருக்கறனுங்ணா” என்பாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு மூச்சு போதவில்லை.

பம்பு எங்கே?

ஒரு மத்தியானம், நான் சாப்பிட உட்காரும்போது மாப்பிள்ளையிடமிருந்து போன். “மச்சான், சாந்தா பேசமாட்டேங்கறாளுங்க. ஒதடெல்லாம் நீலமாகுதுங்க.” வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் அதையே சொன்னார். அப்படியே எழுந்து ஓடினேன்.

தாராபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் போய்ச் சேர்ந்தபோது முகத்தில் மாஸ்க் மாட்டி, அதில் மருந்து புகையாக ஏறிக்கொண்டிருந்தது. கழுத்தடியில் குழி விழுந்து விழுந்து எழும்பியது. என் தங்கையை அவள் பிறந்த அன்றிலிருந்து பார்க்கிறேன். அப்படி ஒரு பயத்தை அவள் கண்ணில் பார்த்ததே இல்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டார். “இவங்க யூஸ் பண்ணிட்டிருந்த பம்பு எங்கங்க?”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அப்புறம் டாக்டரைப் பார்த்தார். “மச்சான் கடையில இருக்குதுங்க” என்றார்.

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கொண்டு வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து துண்டை வாயில் வைத்து அழுதார். அவர் கெட்டவர் அல்ல. பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிறவர்தான். அந்தப் பிரியத்தில்தான் அவளைக் கொல்லப் பார்த்தார்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “நீங்க சொன்னதுதான் சரிங்க. இனிப் பம்பே அடிக்கட்டும். எதுக்கும் ஒருக்கா பூ மட்டும் கேட்டுக்கலாமுங்க.”

என் கையை உதறிக்கொண்டேன். “செவப்பு வந்துருச்சுன்னா? சொல்லுங்க மாப்ளை. செவப்பு வந்தா என்ற தங்கச்சி சாகட்டுங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்காமல் இருக்கவும் அவரால் முடியாது. சாந்தாமணிதான் கட்டிலில் இருந்தபடி, “கேக்கட்டும் உடுங்கண்ணா” என்றாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

வாய்க்கால் ஓரம்

மறுபடியும் அதே சனிக்கிழமை, அதே அரளி, அதே ஈர முடி. பூவில் ஒன்றும் இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் பூசாரியின் விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சிவப்பு வந்தால் தங்கையைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போத்தனூர் போய்விடுவது என்று சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

வெள்ளை.

மாப்பிள்ளை விழுந்து கும்பிட்டார். பூசாரியோடு பொங்கல் பானைப் பக்கம் போனார். சாந்தாமணி எடுக்காத பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இந்தச் சருகுக்குள் இருக்கிற சிவப்புப் பூ அல்லவா என் தங்கையைக் கொன்றிருக்கும்? வெடுக்கென்று அவள் கையிலிருந்து பிடுங்கி நூலை அறுத்தேன்.

அதற்குள்ளும் வெள்ளைதான் இருந்தது.

நான் பூவையும் அவளையும் பார்த்தேன். அவள் கோயில் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த பூவைத் தட்டி வாய்க்காலில் விட்டாள்.

“கண்டதையும் பிரிக்காதீங்கண்ணா” என்றாள்.

“அப்ப கொரங்குக்குக் கேட்டப்ப?”

“ரெண்டுலயும் செவப்புங்க.”

என் விரலில் சுற்றியிருந்த நூலையும் அவளே எடுத்துத் தண்ணீரில் விட்டாள்.

“நான் வேண்டாமுன்னு சொன்னா அவருக்குக் காதுலயே உழுகாதுங்கண்ணா. நீங்க சொன்னா யாவாரம்பாரு. டாக்டர் சொன்னா கமிஷன்பாரு. அனுமாரு சொன்னாத்தான் கேக்கறாரு. அதுதான்.”

“அந்த வௌவாலுக்கும் இதே மாதிரி கட்டியிருக்கலாமே, கண்ணு. சாகப் பாத்தியே.”

“வௌவாலுக்கு அவரு பூ கேக்கலீங்களே” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். இடுப்பிலிருந்து பம்பை எடுத்து, குலுக்கி, வாயில் வைத்து இழுத்தாள். மூச்சை உள்ளே நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அப்புறம் விட்டாள்.

இப்போது அந்த வீட்டில் பூ கேட்காமல் ஒரு கஷாயம்கூட அடுப்பில் ஏறுவதில்லை. சாந்தாமணிதான் அப்படி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறாள். உடும்புக்குச் சிவப்பு வந்தது. மயில் எண்ணெய்க்குச் சிவப்பு வந்தது. நம் அனுமார் இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு என்று மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இதை எழுதுவதற்கு முன்னால் தங்கைக்குப் போன் பண்ணினேன். “எழுதட்டுமா கண்ணு? மாப்ளை படிச்சுட்டாருன்னா?”

சிரித்தாள். சிரிப்பு முடிகிற வரைக்கும் அவளுக்கு மூச்சு இருந்தது.

“எழுதுங்கண்ணா. படிச்சாலும், இதை நம்பலாமா வேண்டாமான்னு பூ தானுங்க கேப்பாரு.”